ஒரே பெட்டியில் இரண்டு இடது

காய்ந்த கொத்தமல்லி விதை மிக்ஸி ஜாரில் விழுந்து, பிளேடு முதல் சுற்றுச் சுற்றும்போது ஒரு சத்தம் வரும். ஆலங்கட்டி மழை தகரக் கூரையோடு சண்டை பிடிப்பது போல. கொஞ்ச நேரத்தில் அது கரகரப்பாகி, தொண்டை தெளிந்து, சீராக ஓடத் தொடங்கிவிடும். எல்லார் வீட்டிலும் கேட்கிற சத்தம்தான். எனக்கு மட்டும் அது எழுந்ததும் கை ஸ்விட்சின் மேலேயே நின்றுவிடுகிறது. காது சமையலறைச் சுவர் பக்கம் சாய்கிறது. சுவரில் இரண்டு தட்டு விழுந்தால் நிறுத்த வேண்டும். விழாது என்று எனக்குத் தெரியும். காதுக்குத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை.

எங்கள் குடியிருப்பு ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்குகிற இடத்தில் இருக்கிறது. முன்பு வேர்க்கடலை போட்ட மண். மழைக்காலத்தில் இன்றும் யார் வீட்டுத் தொட்டியிலாவது ஒரு கடலைச் செடி கூப்பிடாமல் வந்து நிற்கும். ஷூ கம்பெனி முதலாளி ஒருவர் சரக்கு விற்க வெளிநாடு போன இடத்தில், அங்கே ஒரு கம்பெனி தன் ஆட்களுக்கு வரிசையாக வீடு கட்டிக் கொடுத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தாராம். வந்த கையோடு நிலத்தை வாங்கினார். சென்னையிலிருந்து இன்ஜினியர் ஒருவரை வரவழைத்தார். தனித்தனி வீடுகளாக வரைந்து காட்டிய இன்ஜினியரிடம் அவர் கேட்டதை இன்றைக்கும் எங்கள் டீக்கடையில் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள்.

"ஒத்த ஷூவ எவன் சார் வாங்குவான்? ஜோடியா போடுங்க."

எதையும் ஜோடியாகவே எண்ணிப் பழகிய மனிதர். ஆகவே எங்கள் ஊர் ஜோடி ஜோடியாக எழும்பியது. இரண்டு வீட்டுக்கு ஒரு நடுச்சுவர். இடது வீட்டைக் கண்ணாடியில் காட்டினால் என்ன தெரியுமோ அதுதான் வலது வீடு. இரண்டு சமையலறையும் நடுச்சுவரில் முதுகோடு முதுகு ஒட்டிக்கொள்ளும். இரண்டு படுக்கையறையும் ஆளுக்கொரு ஓரமாக விலகிக் கிடக்கும். பாத்திரம் பாத்திரத்தோடு பேசிக்கொள்ளட்டும், தூக்கத்தைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்கிற ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அந்த இன்ஜினியரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் வீட்டில் மதியம் தூங்குகிறவர் யாரோ இருந்திருக்க வேண்டும்.

நிலமும் கூடச் சேர்ந்து விளையாடியது. முன்பக்கம் அகலம், நடுவில் கால்வாய் வந்து இடுப்பைப் பிடித்ததில் ஒடுக்கம், பின்பக்கம் உருண்டை. மலைமேல் ஆடு மேய்க்கப் போனவர் ஒருவர் மேலேயிருந்து பார்த்துவிட்டு, அப்படியே ஷூவின் அடி மாதிரி இருக்கிறது என்று வந்து சொன்னார். அவ்வளவுதான். முன்பக்கம் 'டோ' ஆனது, பின்பக்கம் 'ஹீல்' ஆனது. தெருமுனைக் கற்களில் முல்லை, மல்லிகை, செண்பகம் என்று அழகாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களில் நாய்கள் மட்டுமே ஆர்வம் காட்டுகின்றன. கூரியர் பையன் போன் செய்து, "மேடம், முல்லைத் தெருவுலதான் நிக்கிறேன், முல்லைத் தெரு எங்கன்னு யாருக்கும் தெரியலைன்றாங்க" என்பான். ஹீல் கடைசி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வந்துவிடுவான்.

பூங்கா ஒன்றும் உண்டு. பூங்காவில் குழந்தைகள் சறுக்கி விளையாட சிமென்டில் ஒரு பெரிய ஷூ. திட்டப்படி ஜோடி வந்திருக்க வேண்டும். இடது கால் மட்டும் வந்தது. வலது காலுக்கென்று விட்டுவைத்த இடத்தில் எல்லாரும் மிளகாய் காயப் போடுகிறார்கள். ஷூவுக்குள்ளே பெரும்பாலும் ஓர் ஆடு நிற்கும், விலை கேட்டு வந்த வாடிக்கையாளர் மாதிரி.

இந்தத் திட்டமெல்லாம் தெர்மாகோலில் செய்த மாதிரி வடிவமாக, கண்ணாடிப் பெட்டிக்குள், கம்பெனி வரவேற்பறையில் இன்றும் இருக்கிறதாம். ஸ்பாஞ்ச் மரங்கள், நீலத் தாளில் கால்வாய், விரல்நகம் அளவு மனிதர்கள். அதில் ஒரு வீட்டில்கூட துணி காயவில்லை, ஒருவரும் ஒருவரிடமும் சண்டை போடவில்லை. அதனால்தான் அது கண்ணாடிக்குள் இருக்கிறது என்று என் பக்கத்து வீட்டு அக்கா சொல்வார்.

அக்கா சொன்னால் சரியாக இருக்கும். அந்தக் கம்பெனியில் லைன் கடைசியில் நின்று, ஒவ்வொரு ஜோடியும் பெட்டிக்குள் போவதற்கு முன் கையில் எடுத்துப் பார்த்து 'பாஸ்' என்றோ 'ரிஜெக்ட்' என்றோ சொல்கிற வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். அந்த லைனில் நடக்கக்கூடிய தப்புகளிலேயே பெரிய தப்பு எது தெரியுமா என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். தையல் விட்டுப்போவதா? பசை தெரிவதா? இல்லை. ஒரே பெட்டிக்குள் இரண்டு இடது போய்விடுவது.

"கடலத் தாண்டிப் போயி, வெள்ளைக்காரன் பெட்டியத் தொறந்தா ரெண்டும் லெஃப்ட்டு. இன்னொரு பெட்டியில ரெண்டும் ரைட்டு. அவன் கால நெனச்சிப் பாரு."

அப்படிப்பட்ட அக்கா குடியிருந்தது எங்கள் ஜோடியில். ஹீலின் கடைசி ஜோடி. அதுதான் இந்தக் குடியிருப்பிலேயே ஒரே ஒரு தப்பு ஜோடி. இரண்டு வீடும் இடது.

எப்படி நடந்தது என்பதற்கு மூன்று கதைகள் உண்டு. வரைபடம் ட்ரேசிங் தாளில் இருந்தது. இடது வீட்டுக்கு அப்படியே வைத்துப் பார்க்க வேண்டும், வலது வீட்டுக்குத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். கடைசி ஜோடி வரும்போது தாளின் ஒரு பக்கம் டீ கொட்டிவிட்டதால் திருப்பவில்லை என்பது மேஸ்திரி ஆட்கள் சொல்லும் கதை. இன்ஜினியர் அன்றைக்கு வாணியம்பாடியில் ஒரு கல்யாண விருந்தில் இருந்தார் என்பது கம்பெனி ஆட்கள் சொல்லும் கதை. முதலாளி சும்மா இருக்காமல் தானே தாளைத் திருப்பினார், மேஸ்திரியும் தன் பங்குக்கு ஒருமுறை திருப்பினார், இரண்டு திருப்பலில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது என்பது டீக்கடைக் கதை. எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கும். உலகத்தில் நிறைய விஷயம் அப்படித்தான் நடப்பதாக எனக்கு ஒரு சந்தேகம்.

விளைவு இதுதான். நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் என் சமையலறை. அந்தப் பக்கம் அக்காவின் படுக்கையறை. என் அடுப்பு மேடைக்கும் அக்காவின் தலையணைக்கும் நடுவில் ஒரு ஒல்லிச் சுவர் மட்டும்.

நாங்கள் கம்பெனி ஆட்கள் இல்லை. என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு கெமிக்கல் விற்பவர்; பாதி நாள் ராணிப்பேட்டைப் பக்கம் பைக்கில் இருப்பார். நான் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவள், அதாவது எழுந்து எழுந்து நடக்கிறவள். முன்பு இருந்தவர் சொந்த ஊருக்குப் போனபோது இந்த வீட்டை வாங்கினோம். வந்த புதிதில் வெளிச்சுவருக்கு நாங்களாக ஒரு வெளிர் மஞ்சள் அடித்தோம். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், ஒரு பெண்மணி எங்கள் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறார். தன் சுவரைத் தடவினார். மறுபடியும் எங்கள் சுவர். தள்ளிப் போய் வெயிலில் நின்று கண்ணைச் சுருக்கினார்.

"ஷேட் அடிக்குது," என்றார்.

"என்னங்க?"

"எங்க வூட்டு மஞ்சளு கம்மி, உங்க வூட்டு மஞ்சளு ஜாஸ்தி. ஜோடிக்குள்ள ஷேட் அடிக்கக் கூடாது. யாரக் கேட்டு அடிச்சீங்க?"

அப்புறம்தான் தெரிந்தது. இங்கே பெயிண்ட் அடிப்பதென்றால் ஜோடியாகத்தான் அடிப்பார்கள், ஒரே டப்பாவிலிருந்து. ஒரு வீட்டில் விசேஷம் என்றால் முதல் இலை ஜோடி வீட்டுக்கு. ஒருவருக்கொருவர் முகம் பார்க்காத பகையாளிகள்கூட பெயிண்ட் அடிக்கிற அந்த ஒரு வாரம் டப்பாவைக் கைமாற்றிக்கொள்வார்கள், பேசாமல். இது எந்தத் திட்டத்திலும் இல்லை. கம்பெனியிலிருந்து கையோடு வீட்டுக்கு வந்துவிட்ட பழக்கம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே டப்பாவிலிருந்து மறுபடி மஞ்சள் அடித்தோம். அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து பாஸ் செய்தார்.

சுவர் வழியாக அக்காவுக்கு என் சமையல் முழுக்கத் தெரியும். காலையில் கட்டிலில் படுத்தபடியே குரல் கொடுப்பார்.

"இன்னா, கறுவேப்பில போடலையா? சத்தத்தையே காணோம்."

கறிவேப்பிலை எண்ணெயில் விழுகிற சத்தத்தை வைத்து என் சாம்பாரை எடை போட்ட ஒரே ஆள் அவர்தான். மதியத் தூக்கத்தில் மட்டும் பிரச்சினை. நான் எழுத்து நகராத நேரங்களில் எதையாவது அரைப்பேன். அது எனக்கு ஒரு வியாதி. அவர் தூங்கும் நேரத்தில் ஒருநாள் அப்படி அரைத்ததில் பெரிய சண்டை வந்து, கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. சுவரில் இரண்டு தட்டு என்றால் நிறுத்து. ஒரு தட்டு என்றால் எழுந்துவிட்டேன், இனி போடு. பல வருடம் அந்த ஒப்பந்தம் ஒருநாளும் மீறப்படவில்லை.

பிறகுதான் அக்காவின் வீட்டை விற்கிற பேச்சு வந்தது.

அக்காவின் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், கம்பெனி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒடுகத்தூரில் ஆள் ஏற்றி மாதனூர் வழியாக கம்பெனி வாசலில் இறக்கி, சாயங்காலம் திரும்ப ஏற்றி, அதே ரோட்டில் ஆயுசைக் கழித்தவர். அவர்களுடைய பையன் ஓசூரில் ஒன்பதாவது மாடியில் வீடு வாங்கி, இருவரையும் வரச் சொன்னான். அண்ணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ஜன்னல்ல நின்னா பெங்களூரே தெரியுமாம் தங்கச்சி. இத்தினி வருசம் முன்னாடி போற லாரியோட பின்பக்கத்தையே பாத்தாச்சு."

அக்காவுக்குப் போக இஷ்டமில்லை. ஆனால் வேண்டாம் என்று வாய் திறந்தால் அண்ணன், "தோ பாரு, வூட்லயும் ரிஜெக்ட்டா?" என்று ஆரம்பித்துவிடுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் கையில் இருக்கிற ஒரே ஆயுதம். அதனால் அக்கா தந்திரமாக ஒரு வார்த்தை கொடுத்தார்: வீடு பார்க்க வருகிறவர்கள் மனசாரப் பிடித்து வாங்கினால் போகலாம். பிடிக்காதவர்கள் தலையில் கட்டக்கூடாது. அண்ணன் பையனிடம் போனில் சொன்னார், ஆம்பூரில் உள்ள புரோக்கர் பாயிடமும் சொன்னார்.

பாய் முதலில் கூட்டி வந்தவர் வேலூரில் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அமைதியான இடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அமைதியை நேரில் காட்ட பாய் அவரைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போன அதே நொடியில், ஒன்றும் அறியாத நான் இந்தப் பக்கம் தனியாவை அரைக்கத் தொடங்கினேன். அந்த மனிதர் பூகம்பம் என்று நினைத்து வாசலுக்கு வந்துவிட்டாராம்.

அன்று சாயங்காலம் அக்கா மூடிய கிண்ணத்தோடு வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திட்டப்போகிறார் என்று நான் தயாராக நின்றேன். கிண்ணத்தை மேடைமேல் வைத்தார். உள்ளே சேமியா பாயசம்.

"ஞாயித்துக்கெழம காலையில இன்னா அரைக்கப் போற?" என்றார்.

"தெரியலக்கா. ஏன்?"

"பதினோரு மணிக்கு ஒரு டீச்சர் வீடு பாக்க வருது. அது பேப்பர் திருத்தணுமாம். சத்தமே ஆவாதாம்." பாயசத்தை என் பக்கம் நகர்த்தினார். "நான் செவுத்துல ஒண்ணு தட்டுவேன். நல்லா மொரமொரன்னு எதுனா போடு. இட்லி மாவு கிட்லி மாவுன்னு நைசா போட்டுடாத."

எனக்கு அவ்வளவு சந்தோஷமான வேலையை அதுவரை யாரும் கொடுத்ததில்லை. ஞாயிறு காலை ஜாரில் தனியாவும் மிளகும் காத்திருந்தன. ஒரு தட்டு. போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சரின் குரல் உயர்ந்தது, அக்காவின் குரல் அதைவிட உயர்ந்தது: "இது எப்பவாவதுதாங்க, ஒரு நாளைக்கு நாலஞ்சு வாட்டிதான்." கொஞ்ச நேரத்தில் இரண்டு தட்டு. நிறுத்தினேன். டீச்சரின் ஸ்கூட்டி போகும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரும் தப்பவில்லை. வாஸ்து பார்க்கிற ஒரு குடும்பம் மட்டும் நான் மிக்ஸியைத் தொடுவதற்கு முன்பே ஓடிவிட்டது. திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஜோடியில் இரண்டும் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறதே என்று அவர்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். அக்காவுக்குக் கோபம். போகட்டும் என்று நினைத்தது வேறு, குறை சொன்னது வேறு.

"ரெண்டுமே நல்ல ஷூதான். எதுலயும் ஒரு கொறையும் கெடையாது. பெட்டிதான் தப்பு," என்று அவர்கள் கார் போன பிறகும் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் தூள்கள் பெருகின. தனியாத் தூள், மிளகுத் தூள், கடலைத் தூள், காய்ந்த கறிவேப்பிலைத் தூள், கடைசியில் அரைக்க ஒன்றும் கிடைக்காமல் உடைத்த அரிசி. பாட்டில் தீர்ந்து, பழைய ஹார்லிக்ஸ் டப்பா தீர்ந்து, பூச்சாடியில் வந்து நின்றது. என் வீட்டுக்காரர் ஒருநாள் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்து அலமாரியைப் பார்த்தார்.

"நாம கட எதுனா வைக்கப் போறமா?"

"ஆமா."

"என்ன கட?"

"இன்னும் முடிவு பண்ணல."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கெமிக்கல் விற்கிறவர், வாசனை வந்தால் காரணம் கேட்கக் கூடாது என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்தது.

அண்ணனுக்குத் தெரியுமா என்பதுதான் எங்களுக்குப் புரியவில்லை. ஒருமுறை தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு வந்தவர் என் வாசலில் நின்றார்.

"தங்கச்சி, தனியா ஜாஸ்தி அரைக்கிற போல."

"ஆமாண்ணா, வீட்ல செலவு அதிகம்."

"ரெண்டு பேர்தான இருக்கீங்க."

"அவருக்கு ரசம் பிடிக்கும்ணா."

"பாவம்," என்று கேனை மறுதோளுக்கு மாற்றினார். "ஞாயித்துக்கெழமைல மட்டும் புடிக்குமோ?" என்று கேட்டுவிட்டு பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். பஸ் ஓட்டினவர், பின்னால் நடப்பதைத் திரும்பிப் பார்க்காமலே பார்க்கத் தெரிந்தவர்.

பாய் மட்டும் நொந்து போயிருந்தார். "இன்னா வூடோ, பேஜாரா போச்சு. ஆள கூட்டியாந்தா மட்டும் அந்த மிஷினு ஓடுது. நான் தனியா வந்தா சத்தமே இல்ல," என்று என் காதுபடவே புலம்பினார். நான் அவருக்கு ஒரு பாட்டில் மிளகுத் தூள் கொடுத்தனுப்பினேன்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது.

மாதனூர்ப் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு சின்ன வயது ஜோடி வந்திருந்தது. அவள் ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறவள். அவள் தோளில் கைக்குழந்தை. குழந்தை தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தது. என் சமையலறை வரை கேட்டது. பசி அழுகை இல்லை, வலி அழுகையும் இல்லை. தூக்கம் வந்து, தூங்கத் தெரியாமல் அழுகிற அழுகை. கேட், ஹால், பின்கட்டு என்று அது வீடு முழுக்க நகர்ந்து வந்து கடைசியில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றது. ஒரு தட்டு. போட்டேன்.

காய்ந்த மிளகாயும் தனியாவும் தங்கள் கடமையைச் செய்தன. வழக்கமாக நான் மனசுக்குள் ஒரு பாட்டின் பாதியைப் பாடி முடிப்பதற்குள் இரண்டு தட்டு வந்துவிடும். அன்று வரவில்லை. முழுப் பாட்டும் முடிந்தது. தனியா மாவாகி, மாவு புகையாகி, நான் தும்மி, ஜார் கையைச் சுட்டது. தட்டு வரவில்லை. மோட்டாரிலிருந்து ரப்பர் கருகுகிற வாசனை வந்தது. சரி, அவர்கள் எப்போதோ ஓடியிருப்பார்கள், அக்கா மறந்துவிட்டார் என்று நானாக நிறுத்தினேன்.

நிறுத்திய மறுகணம் சுவருக்கு அந்தப் பக்கம் வீல் என்று குழந்தை அலறியது.

உடனே ஒரு தட்டு. ஒன்றே ஒன்று. அவசரமான தட்டு, சுவர் சுண்ணாம்பு என் மேடைமேல் உதிரும் அளவுக்கு.

எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். போட்டேன். ஜாரைக் கழற்றிவிட்டு வெறும் மோட்டாரை ஓட விட்டுவிட்டு, வெளியே வந்து, சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குள் நுழைந்து பார்த்தேன்.

படுக்கையறையில் பாய் வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் கதவுச் சட்டத்தில் சாய்ந்திருந்தார். அந்தப் பெண் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் பக்கத்தில் குனிந்து நின்றான். அக்கா ஒரு கையைச் சுவரில் வைத்தபடி, தன் தலையணைமேல் கிடந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். மிக்ஸி சத்தம் சுவர் முழுக்க அதிர்ந்துகொண்டிருந்தது. குழந்தை வாயைப் பாதி திறந்தபடி, ஊரையே விற்றாலும் எழுந்திருக்காத தூக்கம் தூங்கியது.

"பொறந்ததுலேர்ந்து பகல்ல தூங்கினதே இல்லக்கா," என்று அந்தப் பெண் கிசுகிசுத்தாள். "நான் எட்டாவது மாசம் வரைக்கும் மிஷின்ல ஒக்காந்தேன். வயித்துக்குள்ளயே அந்த சத்தம் கேட்டு கேட்டு... சத்தம் இல்லைன்னா இதுக்கு ஆவாது. பஸ்ஸுல போனா தூங்கும், எறங்கினா முழிச்சிக்கும்."

அவள் புருஷன் நிமிர்ந்து பாயைப் பார்த்தான். "இந்த வூடே போதும் பாய்."

மனசாரப் பிடித்துவிட்டது. அக்கா கொடுத்த வார்த்தையின் அளவுக்குக் கச்சிதமாகப் பிடித்துவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை, ஆனால் மீசை தன் பாட்டுக்கு ஏதோ செய்தது.

அவர்கள் போனபிறகு அக்காவும் நானும் பின்கட்டுப் படியில் உட்கார்ந்தோம். என் மிக்ஸி இன்னும் சூடாகத்தான் இருந்தது.

"நான் நிறுத்தினப்ப நீங்க சும்மா இருந்திருக்கலாம்லக்கா. கொழந்த அழுதிருக்கும். வேணாம்னு போயிருப்பாங்க."

"போயிருப்பாங்க."

"அப்பறம் ஏன் தட்டுனீங்க?"

அக்கா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். இருபது வருடம் பாஸும் ரிஜெக்ட்டும் சொன்ன கை.

"தூங்கற கொழந்தைய எப்படி ரிஜெக்ட் பண்றது? கை தானா போய்டுச்சி." கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஓசூர்ல கதவத் தொறந்தா எதிர்ல இன்னொரு கதவுதான் இருக்குதாம். உள்ள யாருன்னே தெரியாதாம். இத்தினி வருசம் ஜோடி பாத்துட்டு ஒத்தையா போயி ஒக்காரணும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். உடனே எழுந்து, "உன் மிக்ஸி கருகின நாத்தம் அடிக்குது, போய்ப் பாரு," என்று என்னை விரட்டிவிட்டார்.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலையைப் பிடிவாதமாகச் செய்தார். புதிதாக வருகிறவர்கள் பெயிண்ட் அடிக்க விரும்பினார்கள். அக்கா இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே டப்பாவில் கலக்க வைத்தார். அந்தப் பெண்ணை வெயிலில் நிற்கவைத்து, கண்ணை எப்படிச் சுருக்கிப் பார்க்க வேண்டும் என்று காட்டினார். அவள் இரண்டு சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாஸுங்களாக்கா?" என்று கேட்டாள். "என்னிய எதுக்கு கேக்கற, தோ ஒன் ஜோடி நிக்குது, அதக் கேளு," என்று என்னைக் காட்டினார். எனக்கு நிறம் தெரியாது. பாஸ் என்றேன்.

அவர்கள் பால் காய்ச்சிய காலையில்தான் அக்கா புறப்பட்டார். சாமான்களெல்லாம் முன்பே ஓசூர் போய்விட்டன. பால் பொங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று சொல்லி, காலியான வீட்டில் விருந்தாளி மாதிரி பாயில் உட்கார்ந்திருந்தார். பொங்கியது. முதல் டம்ளரை அந்தப் பெண் கேட்காமலே எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா அதைக் கவனித்தார், கவனிக்காத மாதிரி வேறு பக்கம் பார்த்தார்.

பையனின் கார் வாசலில் நின்றது. அண்ணன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் ஸ்டியரிங் இல்லாத இடத்தில் கையை வைத்தார். ஜன்னலை இறக்கினார்.

"தங்கச்சி, ஓசூருக்கு தனியாத் தூளு எதுனா அனுப்பறதுன்னா அனுப்பு. ரசம் புடிக்கும்."

"உங்களுக்கு எப்பண்ணா தெரியும்?"

"அந்த டீச்சர் வந்தப்பவே. நானும் எத்தினி பேரத்தான் ஓட்ரீங்கன்னு பாத்தேன்."

அக்கா பின்சீட்டில் ஏறப் போனவர் ஏறாமல் திரும்பி வந்தார். இரண்டு வீட்டுச் சுவரையும் ஒரு பார்வை. என் முகத்தை ஒரு பார்வை; லைன் கடைசியில் நின்று பார்க்கிற அதே பார்வை. முந்தானையால் என் கன்னத்தில் ஏதோ பசை தெரிவது மாதிரி ஒரு துடை துடைத்தார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை. உள்ளே, புதுப் பெயிண்ட் வாசனையிலும் சாம்பிராணிப் புகையிலும் குழந்தை சிணுங்கத் தொடங்கியிருந்தது. அக்கா காரில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சுவரைத் தட்டுகிற மாதிரியே ஒரே ஒரு தட்டுத் தட்டினார். பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"இன்னா நிக்கிற? கொழந்த அழுவுது பாரு. போ, போயி மிக்ஸியப் போடு."